முன்கூட்டியே வழங்கப்பட்ட கேடயம்

கடந்த செவ்வாய்க்கிழமை தர்ஷினி எங்கள் மன்ற மண்டபப் பூட்டின் திறப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

காலையில் வீடு தேடி வந்தார். கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை. வேலைக்கு நேரமாகிறது என்றார். கண்டி நகரில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பாளராக இருப்பவர் அவர். நாள்தோறும் கம்பளையிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர்.

"ஏம்மா, இனி ஞாயித்துக்கிழமைகள்ல மண்டபம் வேணாமா?"

"யாருக்கு சேர்? போன கிழமை நானும் இன்னொரு ஆளும்தான். ரெண்டு பேருக்கு எதுக்கு அவ்வளவு பெரிய மண்டபம்? எங்க வீட்டு ஹோலே போதும்."

"அந்தக் கேடயம் அலுமாரியில இருக்கு. அதையாவது எடுத்துட்டுப் போங்களேன்."

"அது உங்ககிட்டயே இருக்கட்டும் சேர். அத யாரும் ஜெயிக்கலையே."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கும் மறுமொழி கிடைத்திருக்கும். அரச சேவையில் இருந்த காலத்தில் கோபக்காரர்கள் எத்தனையோ பேரை மேசைக்கு எதிரே உட்கார்த்திப் பேசி அனுப்பியவன் நான். இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவருக்கு என்ன சொல்வது?

திறப்பை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

யார் இந்தத் தர்ஷினி, எதற்காக அவருக்கு மண்டபம்? சொல்கிறேன். விடயம் வீடியோ கேம் பற்றியது. பெயரைக் கேட்டதும் இப்பத்தியை வழக்கமாக வாசிப்போரில் பாதிப்பேர் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. நானும் சுளித்தவன்தான்.

சென்ற ஆண்டு அவர், நான் தலைவராக இருக்கும் மன்றத்தின் நிருவாகக் குழுவின் முன் வந்து நின்றார். உடன் நப்ராஸ் என்றொருவர் — தெல்தெனியவில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் முப்பது வயது இளைஞர். இருவர் எதிரெதிரே மோதும் சண்டை விளையாட்டு ஒன்றை இவர்கள் திரையில் போட்டியாக ஆடுகிறார்களாம். கண்டியிலும் சுற்றுப்புறத்திலும் அதனை ஆடுவோரை ஒன்றுசேர்த்து வருகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டபம் வேண்டும்.

எங்கள் செயலாளர் சிவராசாவுக்கு நாக்கு சும்மா இராது. "வளர்ந்த பிள்ளைங்க... இன்னும் பொம்மைச் சண்டையா?" என்றார்.

"கிரிக்கெட்டும் பந்து விளையாட்டுத்தானே சேர்," என்றார் தர்ஷினி. "அதுக்கு லீவு போட்டுட்டு டீவி முன்னால ஒக்காருறீங்க."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்டேன். அவரவர் வீட்டில் இருந்தே இணையத்தில் ஆடலாமே, மண்டபம் எதற்கு?

"ஒன்லைன்ல நான் பட்டன அமத்தினா, அது எங்கயோ சிங்கப்பூர் வரைக்கும் போய்ட்டு வந்துதான் அடி விழும் சேர். அந்த இடைவெளியில யார் கெட்டிக்காரர், யாருக்கு லைன் நல்லாயிருக்குன்னு ஒண்ணும் வெளங்காது. பக்கத்துல பக்கத்துல ஒக்காந்தாத்தான் உண்மை தெரியும்."

நப்ராஸ் சேர்த்துக்கொண்டார்: "அதோட சேர், ஒன்லைன்ல தோத்தவன் கேமை ஓஃப் பண்ணிட்டு ஓடிருவான். பக்கத்துல ஈந்தா ஓட ஏலாதே!"

மண்டபத்தைக் கொடுத்தோம். வாடகை இல்லாமலேயே. ஞாயிற்றுக்கிழமைப் பகல்களில் அது பெரும்பாலும் பூட்டித்தான் கிடந்தது. எங்கள் உறுப்பினர்களின் பிள்ளைகள் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கிறார்கள். நிகழ்ச்சி வைத்தால் வருவதற்கு ஆள் வேண்டாமா?

முதல் மாதம் கண்காணிக்கப் போனேன். அடுத்தடுத்த மாதங்களில்... கண்காணிக்கத்தான் போனேன் என்று சொல்லிக்கொண்டேன்.

மடுல்கெல்லத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவர், மொனிட்டரைப் படுக்கை விரிப்பில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவார். கட்டுகஸ்தோட்டையிலிருந்து சிங்கள நண்பர்கள் சிலர் வருவார்கள். நான் எதிர்பார்த்த கூச்சல் இல்லை. இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, கொன்ட்ரோலரைப் பிடித்து, கண்ணிமைக்காமல் ஆடினார்கள். தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விடுவார். ஆனால் போய்விட மாட்டார். வென்றவரின் தோளைத் தட்டி, "எங்க பிடிச்சீங்க என்னைய?" என்று கேட்பார். வென்றவரும் ஒளிக்காமல் காட்டுவார் — நீங்கள் குதிக்கும் முன்பு ஒருமுறை பின்வாங்குகிறீர்கள், அதைப் பார்த்துத்தான் அடித்தேன் என்று.

எங்கள் மன்றத்தில் எத்தனையோ நிருவாகத் தெரிவுகள் நடந்திருக்கின்றன. தோற்றவர் வென்றவரிடம் போய், "எங்கே விட்டேன்?" என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை. தோற்றவர் மறு ஆண்டு புதிய மன்றம் தொடங்குவார். அதுதான் நம் வழக்கம்.

தர்ஷினியின் வேலைமுறையையும் கவனித்தேன். அவர் அதிகம் ஆடுவதில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். புதிதாக ஒருவர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தால், உடனே பழையவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார்த்தி விடுவார்.

"புதுசா வர்றவங்க முதல் நாள் எல்லார்கிட்டயும் அடி வாங்குவாங்க சேர். அதப் பத்தி ஒண்ணுமில்ல. ஆனா அடி வாங்கிட்டுத் தனியா ஒக்காந்திருந்தா மறுபடி வர மாட்டாங்க. யாரும் தனியா ஒக்காரக் கூடாது. அவ்வளவுதான் என்னோட ரூல்."

நான்கு ஆண்டுகளாக இப்படித்தான் ஒவ்வொருவராகச் சேர்த்திருக்கிறார். ஆரம்பத்தில் அவரும் நப்ராஸும் மட்டுமே. போன் கடைகளில் அறிவித்தல் ஒட்டி, இணையத்தில் கண்டி என்று எழுதியிருந்தவர்களையெல்லாம் தேடிப் பிடித்து... நான் மண்டபத்தில் பார்த்தது அப்படித் திரண்ட ஒரு கூட்டம். ஆளைச் சேர்க்கிறவருக்கு ஆட நேரம் கிடையாது என்பதால், நப்ராஸை முறையான போட்டியில் எதிர்கொள்ளும் சந்தர்ப்பம் மட்டும் அவருக்கு வாய்த்ததே இல்லை.

பிறகு முறைப்பாடுகள் வந்தன. மண்டபத்தில் சூதாடுகிறார்கள் என்று ஒருவர். ஆணும் பெண்ணும் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறார்கள் என்று இன்னொருவர். கதவு திறந்தேதான் இருந்தது. அது பேசுகிறவர்களுக்கு எதற்கு? மன்றத்தின் பெயர் என் பொறுப்பில் இருக்கிறது. பல ஆண்டுகளாகக் கறை படாமல் காத்த பெயர் அது. தர்ஷினியின் பெயரும் அதில் சேர்ந்து அடிபட்டது. இளம் பெண்ணொருவரின் பெயர் கடைத்தெருவில் உருள்வதை நான் பார்த்துக்கொண்டிருப்பேனா?

அந்த வேளையில்தான் அவர் ஒரு டூர்னமென்ட் நடத்தப் போவதாகச் சொன்னார். கொழும்பு, குருநாகல், மாத்தளை எல்லா இடங்களிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். வந்தவர்களுக்கு இடம் பிடித்துப்போனால் ஆண்டுதோறும் வருவார்கள். கண்டியும் ஒரு தளமாகிவிடும். இன்னொன்றும் உண்டு. நப்ராஸுக்குக் கட்டாரில் வேலை சரியாகியிருந்தது. டூர்னமென்டுக்கு மறுநாள் விமானம்.

"நப்ராஸ் நானா போனப்புறமும் இது நிக்கணும் சேர். அதுக்கு வெளி ஆக்கள் வரணும். இந்த ஒரு நாள் நல்லா நடந்துட்டா, தானா ஓடும்."

நல்லது, முறையாக நடத்துவோம் என்றேன். என் கணக்கு எளிமையானது. நகரின் பெரிய வர்த்தகர் ஒருவர் பிரதம விருந்தினராக வந்து குத்துவிளக்கேற்றட்டும். பத்திரிகையில் படம் வரட்டும். அதன் பிறகு யார் வாயைத் திறப்பார்?

அக்கணக்குப் பொய்க்கவில்லை. இன்றுவரை ஒரு முறைப்பாடும் இல்லை.

டூர்னமென்ட் நாளன்று காலை மண்டபம் நிறைந்திருந்தது. எங்கள் மண்டபம் நிறைந்து எவ்வளவு காலமாயிற்று! திரைகள் வரிசையாக ஒளிர்ந்தன. எல்லாரும் தயார். பிரதம விருந்தினரைத்தான் காணவில்லை. பேராதனை வீதியில் வாகன நெரிசல் என்று தகவல் வந்தது. பிறகு, இன்னும் வீட்டிலிருந்தே புறப்படவில்லை என்று தகவல் வந்தது.

தர்ஷினி என்னிடம் வந்தார். "சேர், முதல் மெச்சுகளத் தொடங்கிடட்டுமா? அவர் வந்ததும் நிப்பாட்டிட்டு விளக்கேத்தலாம்."

அழைத்த விருந்தினர் வருமுன் தொடங்குவதா? இன்றும் சொல்கிறேன், அது முறையல்ல. சற்றுப் பொறுங்கள் என்றேன். பொறுத்தார்கள்.

அவர் வந்தார். விளக்கு எரிந்தது. வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, சிறப்புரை, பிரதம விருந்தினர் உரை. தலைமையுரை என்னுடையது — இளைஞரும் ஒழுக்கமும் என்ற பொருளில். நல்ல உரை என்றே பலரும் சொன்னார்கள். சொன்னவர்கள் அனைவரும் மேடையில் இருந்தவர்கள்.

மேடைக்குக் கீழே, முன்வரிசைக்குச் சற்றுப் பின்னால், நப்ராஸின் குரல் கேட்டது. "தங்கச்சி, ஸ்பீச்ச பிளொக் பண்ற பட்டன் எது?"

"சும்மா இருங்க நானா, சேர் பாக்குறாங்க."

குருநாகலிலிருந்து வந்த ஒருவர் கேட்டார்: "அக்கா, இது டூர்னமென்டா, பிரைஸ் கிவிங்கா?"

தர்ஷினி மண்டபத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர்கள் அத்தனை பேரும் வரிசையாகப் போட்ட கதிரைகளில், முன்னே பார்த்தபடி, ஒருவரோடொருவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். விழாக்களில் அப்படித்தானே உட்கார வேண்டும்? யாரும் தனியாக உட்காரக் கூடாது என்ற அவருடைய ஒரேயொரு விதி, மண்டபம் நிறைய ஆளிருந்தும் அன்று உடைந்து கிடந்தது. அப்போது எனக்கு அது தெரியவில்லை. ஒழுங்காக இருக்கிறார்கள் என்று மகிழ்ந்தேன்.

போட்டிகள் தொடங்கியபோது மதியச் சாப்பாடு வந்துவிட்டது. விருந்தினர் ஒரு திருமணத்துக்குப் போய், பரிசளிப்புக்குத் திரும்புவதாகச் சொன்னார். பிற்பகலில் கொழும்புக்காரர்கள் ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆட்டம் மீதமிருக்கும்போதே சிலர் எழுந்தார்கள். "வோக் ஓவர் குடுத்திருங்க அக்கா," என்று சொல்லி, கொன்ட்ரோலர் வயரைச் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். அவ்வளவு தூரம் வந்தது இரண்டு ஆட்டத்துக்கும் ஐந்து உரைக்கும்.

ஆனால் மீதமிருந்தவர்கள் ஆடிய ஆட்டம்! விதிகள் இன்னும் எனக்கு முழுமையாகப் பிடிபடவில்லை; ஆனால் ஒரு மனிதர் தம்மை மறந்து ஒன்றில் ஈடுபடுவதைப் பார்த்தால் எனக்குத் தெரியும். தர்ஷினி வாசலைப் பார்ப்பதை அன்று நிறுத்தியிருந்தார். ஒவ்வொருவராக வீழ்த்தினார். இறுதிப் போட்டிக்கு அவர் வந்துவிட்டார். எதிரே நப்ராஸ்.

எஞ்சியிருந்தவர்கள் கதிரைகளை இழுத்துக்கொண்டு அந்த ஒரு திரையைச் சூழ்ந்தார்கள். வரிசை கலைந்தது. கேலியும் கூச்சலும் எழுந்தன. அன்றைய நாளில் முதல்முறையாக அது அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமையாக ஆனது.

"தங்கச்சி, நாளைக்கு பிளைட்டு. அழுதுக்கிட்டே அனுப்பப் போறீங்களா, சிரிச்சிக்கிட்டே அனுப்பப் போறீங்களா?"

"அழப் போறது யாருன்னு இப்ப தெரியும் நானா. ஒக்காருங்க."

அப்போது விருந்தினரின் வாகனம் வாசலில் வந்து நின்றது.

அவருக்கு இன்னொரு நிகழ்வு இருந்தது. உடனே போக வேண்டும். சிவராசா ஒலிவாங்கியை எடுத்தார்: "பிரதம விருந்தினர் அவர்களின் நேர நெருக்கடியைக் கருத்திற்கொண்டு, பரிசளிப்பு வைபவத்தை முன்கூட்டியே நடத்தி, இறுதிப் போட்டியை அதன் பின்னர் நடத்துவோம்."

தர்ஷினி என்னைப் பார்த்தார். "கால் மணித்தியாலம் போதும் சேர். கால் மணித்தியாலத்துல முடிஞ்சிரும்."

போகிற விருந்தினரைக் கால் மணித்தியாலம் நிறுத்தி வைப்பது எப்படி? முதலில் பரிசளிப்பு முடியட்டும், உடனே ஆடுங்கள் என்றேன்.

விருந்தினர் கேடயத்தைக் கையில் எடுத்தார். "யாரு வின் பண்ணினது?"

"இன்னும் விளையாடலை சேர்," என்றார் தர்ஷினி.

"அப்ப பரவாயில்ல, ரெண்டு பேரும் பிடிங்க. போட்டோவுக்குத்தானே."

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். படம் எடுக்கப்பட்டது. பொன்னாடைகள் போர்த்தப்பட்டன. விருந்தினர் நாலு வார்த்தை பேசினார். சிவராசாவின் நன்றியுரையில் ஒலிபெருக்கி தந்தவர் முதல் தேநீர் தந்தவர் வரை ஒருவர் விடாமல் நினைவுகூரப்பட்டனர். அந்த நன்றியுரை கால் மணித்தியாலத்தில் முடியவில்லை.

விருந்தினரை வழியனுப்பிவிட்டு நான் உள்ளே திரும்பியபோது, மணவறை சோடனைக்காரர்கள் ஏணியோடு நின்றார்கள். ஒரு கல்யாணத்துக்காக ஐந்து மணிக்கு மண்டபத்தைத் தருவதாகப் பெண் வீட்டாருக்குச் சொல்லியிருந்தோம். ஐந்து தாண்டியிருந்தது.

இருவரும் உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். முதல் சுற்று நடந்துகொண்டிருந்தது. நானும் ஏணிக்குப் பக்கத்தில் நின்றேன். திரையில் தர்ஷினியின் ஆள் பின்வாங்கினான், பின்வாங்கினான், மூலைக்கே போய்விட்டான் — அங்கிருந்து ஒரே பாய்ச்சல். மண்டபம் கத்தியது. முதல் சுற்று தர்ஷினிக்கு!

நப்ராஸ் சத்தமாகச் சிரித்தார். "எங்க பிடிச்சீங்க என்னைய?"

"முடிஞ்சப்புறம் சொல்றேன் நானா."

வெளியே ஹோர்ன் சத்தம். நப்ராஸின் வாப்பா வேனில் காத்திருந்தார். மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு பயணம் சொல்ல உறவினர்கள் எல்லாரையும் வீட்டுக்கு அழைத்திருந்தார்கள். வீடு போய்ச் சேர ஏற்கெனவே நேரமாகிவிட்டது. நப்ராஸ் திரையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார்.

"வாப்பா ரொம்ப நேரமா நிக்கிறாங்க தங்கச்சி. என்னத்த செய்ற?"

"இன்னும் கொஞ்சந்தான் நானா."

"அக்கா, இந்த மேசை எங்களுக்கு வேணும்," என்றார் சோடனைக்காரர். அதுவும் நியாயந்தான். அவருக்கும் வேலை முடிய வேண்டும்.

நான் ஒரு சொல் சொல்லியிருக்கலாம் என்று வாசகர் நினைக்கக்கூடும். பெண் வீட்டாருக்குக் கொடுத்த வாக்கை மீறச் சொல்கிறீர்களா? விருந்தினருக்கு மரியாதை செய்தோம். பெண் வீட்டாருக்கு வாக்கைக் காப்பாற்றினோம். தந்தையின் அழைப்புக்கு மகன் கட்டுப்பட்டார். அன்று எல்லாரும் முறைப்படிதான் நடந்துகொண்டார்கள். அதனால்தான் யார் மீதும் குற்றம் சொல்ல முடியாமல் இருக்கிறது.

நப்ராஸ் கொன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டு எழுந்தார். தர்ஷினி வயரைக் கழற்றினார். திரை இருண்டது.

படம் பத்திரிகையில் வந்தது. "வெற்றியீட்டியோருக்குக் கேடயம் வழங்கப்பட்டபோது" என்ற குறிப்போடு. அதில் இருவருமே சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு வந்தவர்கள் குறைவு. அதற்கடுத்த ஞாயிறு இன்னும் குறைவு. கொழும்பிலிருந்தோ குருநாகலிலிருந்தோ யாரும் மறுபடி கேட்கவே இல்லை. மடுல்கெல்லக்காரருக்கு மொனிட்டரை மடியில் சுமந்து வந்து ஒருவரோடு மட்டும் ஆடிவிட்டுப் போவது அலுத்துவிட்டது. ஒரு கூட்டத்தைச் சேர்க்க நான்கு ஆண்டு வேண்டியிருந்தது. கலைவதற்கு அப்படியொன்றும் வேண்டியிருக்கவில்லை... சண்டைகூட வேண்டியிருக்கவில்லை.

கட்டாரிலிருந்து நப்ராஸ் இணையத்தில் அந்த இறுதிப் போட்டியை முடித்துவிடலாம் என்று சொன்னாராம். ஆடிப் பார்த்தார்களாம்.

"என்ன ஆச்சு?" என்று, திறப்பைத் தர வந்த அன்று, தர்ஷினியிடம் கேட்டேன். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சரிவரல சேர். பட்டன அமத்துறதுக்கும் அடி விழுறதுக்கும் நடுவுல ஒரு கடல் கெடக்கு. நான் அடிச்சேனா, அவர் விட்டுக் குடுத்தாரான்னே தெரியல. பாதியில நிப்பாட்டிட்டோம்."

வியாழக்கிழமை நிருவாகக் குழு கூடியது. ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டபம் இனிப் பூட்டியே இருக்கும் என்பதைக் குறித்துக்கொண்டோம். எங்களில் இருவர் வரவில்லை. ஒருவர் மகளிடம் மெல்பேர்ன் போயிருக்கிறார், மற்றவர் போவதற்காகப் பெட்டி கட்டுகிறார்.

சிவராசா அலுமாரியைத் திறந்து கேடயத்தை வெளியே எடுத்தார். பளபளவென்று இருந்தது. பெயர் பொறிக்கும் தகடு வெறுமையாக இருந்தது.

"சும்மா கெடக்குது சேர், புதுசு. அடுத்த மாசம் நம்ம பேச்சுப் போட்டிக்குக் குடுத்துருவமா?"

எல்லாரும் தலையசைத்தார்கள். தலைவர் என்ற முறையில் நான் மறுக்கலாம். மறுக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் அது சேர வேண்டிய இடத்துக்குத்தான் போகிறது — அன்று எங்கள் மண்டபத்தில் வென்றது பேச்சுத்தானே!